குட்டி வெற்றிலைக் கொடி: கோலாலம்பூர் வீட்டில் இதயச்சரம் வளர்க்க

என் முதல் இதயச்சரம் மூன்று வாரம்தான் உயிரோடு இருந்தது. செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டு பால்கனியில், அம்மாவின் துளசிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். தினமும் காலையில் அம்மா துளசிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார். "இதுக்கும் தாகமா இருக்கும்ல" என்று இதற்கும் ஒரு செம்பு. நான் வேலைக்குப் போன பிறகு நடந்ததால் எனக்குத் தெரியாது. கொடி துவண்டதும் அம்மா பதறிப்போய் இரண்டு செம்பாக ஊற்ற ஆரம்பித்தார். கடைசியில் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கூழ். வாடை மூக்கைப் பிடிக்க வைத்தது.

இன்று என்னிடம் எட்டுச் சட்டிகள் இருக்கின்றன. நாலு வீட்டுக்குள், ஒன்று பால்கனியில், மூன்று கெப்போங்கில் அண்ணன் வீட்டுக் காடி நிறுத்தும் இடத்தில். முதல் சட்டி வாங்கி, எங்கே மாட்டுவது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்ன செடி இது

கடையில் "ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ்" என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இதயச்சரம் என்பது நானாக வைத்துக்கொண்ட பெயர். அம்மாவுக்கு இது குட்டி வெற்றிலை. பார்ப்பதற்கும் அப்படித்தான்: கட்டைவிரல் நகத்தளவு இலைகள், கணுவுக்கு இரண்டாக, தையல் நூல் மாதிரியான தண்டில் மல்லிகைச் சரம்போல வரிசையாகத் தொங்கும். கரும்பச்சையில் வெள்ளிக் கோடு ஓடுவது சாதாரண வகை. ஓரம் பால்நிறமாக இருந்து, வெளிச்சம் பட்டால் ரோஜா நிறம் ஏறுவது கலப்பு நிற வகை. நான் பேசப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றி. சாதாரண வகைக்கும் எல்லாம் பொருந்தும், அது இன்னும் கொஞ்சம் பொறுமைசாலி.

தாவரவியல் பெயர் செரோபீஜியா வுடியை. சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா, எஸ்வாத்தினி, ஜிம்பாப்வே. 1881-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் பாறைகளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்ததை ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் கண்டெடுத்தார். பெயரில் இருக்கும் "வுடி" அவர்தான். குடும்பம் என்று பார்த்தால் நமக்குத் தூரத்துச் சொந்தமும்கூட: பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற எருக்கும், சர்பத்துக்குப் போடுகிற நன்னாரியும் இதே குடும்பம்.

பாறையில் தொங்கியது என்ற ஒரு விவரத்தை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பாறை இடுக்கில் மண் ஒரு கைப்பிடிகூட இருக்காது. மழை பெய்தால் நனையும், உடனே வடிந்துவிடும். அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்க இந்தக் கொடி இலையிலும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது. கொடி நெடுகிலும் கணுக்களில் பட்டாணி அளவில் மணி மணியாகக் கட்டுவதும் கிழங்குதான். நோய் என்று நினைத்துக் கிள்ளிப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன்.

நம் ஊரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. இரவில்கூட வெப்பம் 24 பாகைக்குக் கீழே அவ்வளவாக இறங்காது. காற்றில் எப்போதும் ஈரம். வறண்ட பாறைக்குப் பழகிய செடிக்கு இது ஓயாத விருந்து உபசாரம். ஆகவே இங்கே நம் வேலை கொடுப்பதைவிடத் தடுப்பதில்தான் அதிகம்.

வாங்கும்போது

கேமரன் மலைக்குப் போய் பிரிஞ்சாங் பக்கத்துக் கள்ளித் தோட்டங்களில் ஆசை ஆசையாக வாங்கி, காடி பின்சீட்டில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, கீழே இறக்கிய ஒரு மாதத்தில் பறிகொடுக்காத குடும்பம் நம்மில் குறைவு. அங்கே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், ஊட்டிக் குளிர். அந்தக் குளிரில் வளர்ந்து பழகியதைக் கோலாலம்பூர் வெக்கைக்குக் கொண்டுவந்தால் திணறத்தான் செய்யும். முதல் செடியை இங்கேயே, கீழே வளர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

நான் போவது சுங்கை பூலோ. அங்கே நர்சரிகள் வரிசையாக இருப்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1930-இல் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைக்கக் கட்டப்பட்ட குடியிருப்பு அது. குணமான பிறகும் வெளியே வேலை கிடைக்காதவர்கள் செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் காடி நிறுத்த இடம் கிடைக்காது. சனிக்கிழமை போங்கள்.

கடையில் கொடியின் நீளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சட்டியின் மேற்பகுதியைப் பாருங்கள், அதாவது மண்ணிலிருந்து கொடி கிளம்பும் இடத்தை. அங்கே இலைகள் நெருக்கமாக இருந்தால் நல்ல செடி. மேலே மொட்டை, கீழே மட்டும் ஒன்றரை முழம் தொங்குகிறதென்றால் வெளிச்சமில்லாத மூலையில் நாளாகக் கிடந்திருக்கிறது. பிறகு ஒரு கொடியைத் தூக்கி, இலைக்கும் தண்டுக்கும் நடுவே வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடைக்காரர் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். கடைசியாகச் சட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக, ஈரமாக இருந்தால் வீட்டுக்குப் போனதும் பத்து நாள் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது.

நிறத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரு கொடி முழுக்க ரோஜா நிறம், துளிப் பச்சைகூட இல்லை என்றால் அது பார்க்க அழகு, ஆனால் தனியாகப் பிழைக்காது. பச்சையம் இல்லாத இலையால் உணவு சமைக்க முடியாது. பச்சையும் பாலும் கலந்த கொடிகள் நிறைய இருக்கும் சட்டியாக எடுங்கள்.

மண்ணும் சட்டியும்

கடையிலிருந்து வரும் சட்டியில் பெரும்பாலும் தேங்காய் நார்த்தூள் மட்டும்தான் இருக்கும். நர்சரிக்காரருக்கு அது வசதி: எடை குறைவு, விலை மலிவு, தினமும் குழாய் பிடித்து நனைக்க ஆளும் உண்டு, மேலே வலைக்கூரையும் காற்றும் உண்டு. நம் வரவேற்பறையில் அதே நார்த்தூள் இரண்டு வாரம் ஈரமாகவே கிடக்கும். அதனால் மண்ணை மாற்றியே ஆகவேண்டும். வந்த அன்றே வேண்டாம். ஒரு வாரம் புது இடத்துக்குப் பழகட்டும்.

என் கலவை இது. நர்சரியில் "தானா ஹித்தாம்" என்று மூட்டை போட்டு விற்கும் கறுப்பு மண் இரண்டு பங்கு. பெர்லைட், அதாவது பொரி மாதிரி லேசான வெள்ளைக் கற்கள், இரண்டு பங்கு. அதற்குப் பதில் எரிமலைக் கல்லான பியூமிஸின் சிறு துண்டுகள் கிடைத்தால் இன்னும் நல்லது, பெர்லைட் மாதிரி மிதந்து மேலே வராது. உமிக்கரி ஒரு பங்கு. உமிக்கரி என்றதும் உங்கள் பாட்டி பல் தேய்த்தது நினைவுக்கு வந்தால் சரி, அதேதான். இங்கே "செக்காம் பாக்கார்" என்று கேளுங்கள், மூட்டை சில வெள்ளிதான். மண்ணை இளக்கமாக வைக்கும், நாறவிடாது.

மணல் போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொரசொரப்பான ஆற்று மணல் என்றால் கொஞ்சம் போடலாம். வீடு புதுப்பித்தபோது மிச்சமான பொடி மணல் வேண்டவே வேண்டாம். அது மண்ணின் இடுக்குகளை அடைத்து எல்லாவற்றையும் சிமெண்டு மாதிரி இறுக்கிவிடும்.

கலவை சரியா என்று பார்க்க, சட்டியில் நிரப்பி ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு எண்ணுங்கள். பத்து எண்ணுவதற்குள் அடியில் ஒழுக வேண்டும். மேலேயே குளம் கட்டி நின்றால் பெர்லைட்டை இன்னும் ஒரு கைப்பிடி கூட்டுங்கள்.

சட்டியில் நான் மண்சட்டிக் கட்சி. மண்சட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும், பிளாஸ்டிக்கில் அதற்கு வழியில்லை. கோல சிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானில் நம்மவர்கள் இன்னும் சக்கரம் சுற்றிப் பானை வனைகிறார்கள். நமக்குப் பொங்கலுக்கு மட்டும்தான் அவர்கள் நினைவு வருகிறது. அடியில் ஓட்டை போட்ட சின்னத் தொட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அளவு முக்கியம்: வேர்க்கட்டியைவிட இரண்டு விரல் அகலம் கூட இருந்தால் போதும். "பின்னாடி வளரும்ல" என்று பெரிய சட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் ஈரம் காயாமல் கிடந்து, அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். தொங்கவிடும் இடத்தின் கொக்கி மண்சட்டியின் எடையைத் தாங்காது என்றால் பிளாஸ்டிக்கே இருக்கட்டும், ஓட்டையை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். சூடேற்றிய கம்பியால் பக்கவாட்டிலும் நாலு போடலாம்.

மாற்றி நடும்போது கிழங்கு மண்ணின் மேல்மட்டத்தில் பாதி தெரிகிற மாதிரி இருக்கட்டும். ஆழமாகப் புதைக்காதீர்கள். நட்ட பிறகு நாலைந்து நாள் தண்ணீர் இல்லை. நடும்போது அறுந்த சிறு வேர்கள் காய்ந்து ஆற அந்த நாள்கள் வேண்டும்.

இந்த வேலையில் எரிச்சலூட்டுவது சிக்கல்தான். கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நட ஆரம்பிக்கும் முன் ஐந்தாறு கொடிகளாகப் பிரித்து, தலைமுடிக்குப் போடும் ரப்பர் வளையத்தால் தளர்வாகக் கட்டி வைத்துவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சடை போட்டுப் பழகிய கைக்கு இது பெரிய வேலை இல்லை.

எந்தச் சன்னல்

இணையத்தில் தேடினால் "தெற்குப் பார்த்த சன்னல் சிறந்தது" என்று எழுதியிருக்கும். அது ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே. ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம்வரை கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. எப்படியானாலும் உச்சி வெயில் ஏறக்குறைய செங்குத்தாகத்தான் விழுகிறது. சன்னலுக்கு மேலே சிமெண்டுத் தட்டு நீட்டியிருந்தால் வடக்கு, தெற்குச் சன்னல்களுக்குள் அது நுழையவே நுழையாது.

நமக்கு நேர் வெயில் சாய்வாக உள்ளே வருவது கிழக்கிலும் மேற்கிலும்தான். கிழக்குச் சன்னல் கிடைத்தால் யோசிக்காமல் அங்கே மாட்டுங்கள். காலை 8 முதல் 10, 11 மணிவரை வரும் வெயில் இலையைச் சுடாமல் நிறத்தை ஏற்றும். மேற்கு என்றால் மாலை 3 மணி வெயில் கண்ணாடி வழியாக அடிக்கும்போது மெல்லிய திரை ஒன்று போடுங்கள். வடக்கும் தெற்கும் மட்டும்தான் இருக்கிறதென்றால் கண்ணாடியிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் வைக்கவேண்டும். அதைவிட உள்ளே போனால் நம் கண்ணுக்குத்தான் வெளிச்சம், செடிக்கு இருட்டு.

வெளிச்சம் போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பகல் 12 மணிக்குச் செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து, ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் தனித்தனியாகத் தெரிந்தால் போதும். மங்கலாக ஒரு பூச்சு மட்டும் விழுந்தால் போதாது.

இன்னொன்று, இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஒரு சட்டியைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டேன். தொங்கும் செடி என்பதால் எல்லாரும் கூரையை ஒட்டிக் கொக்கி அடிக்கிறோம். சன்னலோ அதற்கு இரண்டடி கீழே ஆரம்பிக்கிறது. தொங்கும் கொடிக்கு வெளிச்சம் கிடைக்கும், சட்டியின் மேற்பகுதிக்குக் கிடைக்காது. ஆறு மாதத்தில் மேலே வழுக்கை விழும். சட்டியின் வாய் சன்னலின் மேல் விளிம்புக்குக் கீழே இருக்கும்படி தாழ்த்தி மாட்டுங்கள். அல்லது அலமாரி மேல் வைத்து, கொடியைப் பக்கவாட்டில் இறக்குங்கள்.

சன்னலே சரியில்லாத வீடுகளும் இருக்கின்றன. எதிர்ப்புறம் இன்னொரு அடுக்குமாடி மறைத்துக்கொண்டு நிற்கும். அங்கே வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றைச் சட்டிக்கு மேல் ஒரு சாண் ஒன்றரைச் சாண் உயரத்தில் மாட்டி, நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் எரியவிடலாம். செடி அதிலும் நன்றாகவே வளரும்.

வெளியே வைப்பதென்றால்

தெரஸ் வீடுகளில் காடி நிறுத்தும் இடத்துக்கு மேல் போட்டிருக்கும் ஒளி ஊடுருவும் கூரை இந்தக் கொடிக்கென்றே செய்தது போல இருக்கும். வெயில் வடிகட்டி வரும், மழை படாது, காற்று ஓடும். அண்ணன் வீட்டில் இருக்கும் மூன்றும் என் வீட்டில் இருப்பவற்றைவிட இரண்டு மடங்கு வேகமாக வளர்கின்றன, நிறமும் கூடுதல். அதைச் சொல்லிச் சொல்லியே அண்ணி என்னைச் சீண்டுவார்.

வீட்டுக்குள் இருந்ததைத் திடீரென்று வெளியே வைக்காதீர்கள். இலை வெளுத்து, பிறகு பழுப்பாகக் கருகும், அந்தத் தழும்பு மாறாது. முதல் வாரம் காலையில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று ஏற்றுங்கள். மூன்று நாலு வாரத்தில் பழகிவிடும். 11 மணிக்குப் பிறகு கூரையில்லாத வெட்டவெளி எந்த நாளும் வேண்டாம்.

மழைதான் வெளியே பெரிய பகை. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் நாலு மணிக்குக் கறுத்துக்கொண்டு வந்து ஊற்றும், உங்களுக்கே தெரியும். கூரைக்குக் கீழேதானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சாரல் எவ்வளவு தூரம் வருகிறது என்று ஒரு மழையின்போது நின்று பாருங்கள், தரை நனையும் கோட்டிலிருந்து ஓர் அடி உள்ளே மாட்டுங்கள். ஒரு நாள் நனைந்தால் சாகாது. தொடர்ந்து ஒரு வாரம் நனைந்தால் பிழைக்காது. புகைமூட்டம் வந்தால், 2015, 2019 ஆண்டுகளில் வந்தது போல, வெயில் மங்கும், மண் காயாது, அப்போது தண்ணீரை இன்னும் குறைக்கவேண்டும். மூட்டம் கலைந்ததும் இலைகளை ஒரு முறை கழுவி, காற்றில் ஆறவிடுங்கள்.

தண்ணீர்

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊத்தணும்?" இதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. நாள்கணக்கு சொன்னால் நீங்கள் நாள்காட்டியைப் பார்ப்பீர்கள், செடியைப் பார்க்கமாட்டீர்கள். என் வீட்டுக்குள் இருக்கும் நான்கில் ஒன்று 9 நாளில் கேட்கிறது, இன்னொன்று 16 நாள் ஆனாலும் கேட்பதில்லை. அண்ணன் வீட்டில் காற்றோட்டத்தில் இருப்பவை ஆறு நாளில் காய்ந்துவிடுகின்றன.

இலையைக் கேளுங்கள். கொடியின் நடுப்பகுதியில் முற்றிய இலை ஒன்றைப் பறிக்காமல் இரண்டு விரலால் பிடித்து, வெற்றிலை மடிப்பதுபோல் மெல்ல மடிக்கப் பாருங்கள். விறைப்பாக நின்று மடங்க மறுத்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, செம்பைக் கீழே வையுங்கள். மெத்தென்று மடிந்தால் தாகம். நுனியில் இருக்கும் இளந்தளிரை மடிக்காதீர்கள், அது எப்போதுமே மென்மையாகத்தான் இருக்கும்.

இதோடு மண்ணையும் பார்க்கவேண்டும். ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைச் சட்டியின் அடிவரை செருகி எடுங்கள். இலை மெத்தென்று இருந்து, குச்சியும் காய்ந்து வந்தால் ஊற்றலாம். இலை மெத்தென்று இருந்து குச்சி ஈரமாக வந்தால்? அங்கேதான் அம்மா சறுக்கியது. மண்ணின் இடுக்குகளில் காற்று இருந்தால்தான் வேர் மூச்சுவிடும். எந்நேரமும் தண்ணீர் நிறைந்து கிடந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. வேர் அழுகிய பிறகு தண்ணீரில் நின்றாலும் அதனால் குடிக்க முடியாது. இலை வாடுகிறது. பார்ப்பவர் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுகிறார். வாடிய இலையும் ஈர மண்ணும் சேர்ந்து இருந்தால் அன்றே செடியைச் சட்டியிலிருந்து எடுங்கள். கூழான வேர்களை வெட்டி, ஒரு நாள் நிழலில் செய்தித்தாள் மேல் கிடத்தி, புதுக் கலவையில் நடுங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

ஊற்றும்போது தாராளமாக ஊற்றுங்கள், இதில் சிக்கனம் கூடாது. தினமும் இரண்டு மூடி தெளிப்பது மோசமான வழி, மேல்மண் மட்டும் நனைந்து அடி வேர் பட்டினி கிடக்கும். அடி ஓட்டையில் ஒழுகும்வரை ஊற்றி, பாத்திரம் கழுவும் தொட்டியிலோ குளியலறையிலோ அரை மணி நேரம் வடியவிட்டு, பிறகு மாட்டுங்கள். காலையில் செய்யுங்கள், பகல் சூட்டில் மேல் ஈரம் காய்ந்துவிடும். புட்டியில் புஸ் புஸ் என்று இலைமேல் தெளிக்கும் பழக்கம் நம் ஊருக்குத் தேவையே இல்லை. காற்றில் இருக்கும் ஈரமே போதும்.

சட்டிக்குக் கீழே வைக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் வேரையும் கெடுக்கும், ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும். வீடு வீடாக வரும் சுகாதார அதிகாரிகள் முதலில் எட்டிப் பார்ப்பது பூச்சட்டித் தட்டைத்தான். கொசுப்புழு கிடைத்தால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி 500 வெள்ளிவரை உடனடி அபராதம் விதிக்கலாம். அந்தக் காசுக்கு ஒரு பால்கனி நிறையச் செடி வாங்கலாம்.

வீட்டுக்குள் காற்று அசையவில்லை என்றால் மண் காய்வது தாமதமாகும். நீங்கள் உட்காரும் அறையில் காற்றாடி சுற்றுகிறதல்லவா, அந்த அறையிலேயே மாட்டுங்கள். ஏர்கான் காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடம் மட்டும் வேண்டாம்.

நிறம் மங்கினால்

ரோஜா நிறம் குறைந்து, இலைக்கும் இலைக்கும் நடுவே தண்டு நீண்டுகொண்டே போனால் வெளிச்சம் போதவில்லை. உரம் போட்டு நிறத்தை வரவழைக்க முடியாது. சன்னலுக்கு நெருக்கமாக நகர்த்தினால் புதிதாக வரும் இலைகள் நிறத்தோடு வரும், பழைய இலைகள் அப்படியேதான் இருக்கும்.

கலப்பு நிறச் சட்டியில் திடீரென்று ஒரு கொடி முழுப் பச்சையாகக் கிளம்பும். அதற்குப் பச்சையம் அதிகம் என்பதால் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்து சட்டியையே பிடித்துக்கொள்ளும். இரக்கம் பார்க்காமல் அடியோடு வெட்டி, தனிச் சட்டியில் வையுங்கள். அதுவும் அழகுதான், வேறு இடத்தில்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு திரவ உரத்தை, பொட்டலத்தில் சொல்லியிருப்பதில் பாதி அளவுக்குக் கரைத்து ஊற்றினால் போதும். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், டீத்தூள் எல்லாம் கறிவேப்பிலைக்குப் போகட்டும். வீட்டுக்குள் இருக்கும் சட்டியில் ஊற்றினால் மூன்றாம் நாள் பொடி ஈக்கள் மொய்க்கும்.

வெள்ளைப் பஞ்சும் எறும்பும்

மாவுப்பூச்சிதான் இந்தக் கொடிக்கு வரும் முதல் எதிரி. கணுக்களில் மாவு தூவியதுபோல உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு வரும். எறும்பே பூச்சியை ஒரு கொடியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டும் போகும். ஆகவே சட்டியைச் சுற்றி எறும்பு ஊர்வதைக் கண்டால், இனிப்பு எங்கே என்று உடனே தேடுங்கள்.

மருந்துக்கடையில் விற்கும் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொடுங்கள். தொட்டதும் பழுப்பாகிச் சாகும். நான்கு ஐந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று தடவையாவது செய்யவேண்டும், முட்டைகள் மிச்சமிருக்கும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம், நேரம் போவதே தெரியாது. ஒரு கொடி முழுக்கப் பரவிவிட்டதென்றால் வெட்டி, பையில் கட்டி எறிந்துவிடுங்கள். கொடி திரும்ப வரும்.

புதுச் செடி

சட்டியின் மேலே வழுக்கை விழுந்திருந்தால் புதுச் செடி வாங்கவேண்டியதில்லை. நீளமான கொடி ஒன்றை எடுத்து, வெட்டாமல், கோலம் போடுவதுபோல் மண்மேல் சுற்றிப் படுக்கவையுங்கள். கணுக்கள் மண்ணைத் தொடும்படி கொண்டை ஊசியால் குத்தி நிறுத்துங்கள். நம் ஊர் ஈரக் காற்று இந்த ஒரு விஷயத்தில் நமக்குத் துணை: மூன்று நாலு வாரத்தில் ஒவ்வொரு கணுவும் வேர்விட்டு, புதுக் கொடி கிளம்பும்.

கொடுத்து அனுப்பத் தனிச் செடி வேண்டும் என்றால், கணுவுக்கு இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை விட்டு வெட்டுங்கள். இரண்டு இலையும் நடுவே கணுவுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி மாதிரி கிடைக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியில் லேசாக ஈரமான பெர்லைட் பரப்பி, இந்த வண்ணத்துப்பூச்சிகளை அடுக்கி, நிழலான வெளிச்சத்தில் வையுங்கள். தினமும் ஒரு முறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வேர் ஒரு விரற்கடை நீண்டதும் சட்டிக்கு மாற்றலாம். ஒரே சட்டியில் பத்துப் பன்னிரண்டு போட்டால்தான் அடர்த்தியாக வரும். கொடியில் கட்டியிருக்கும் மணிகளையும் பாதி புதைத்து வைக்கலாம், ஆனால் அது மெதுவான வழி.

நன்றாக இருக்கும் செடி பூக்கவும் செய்யும். அரை விரல் நீளத்தில், அடியில் சிறு குடம்போல் உப்பி, மேலே கருஊதா இதழ்கள் நுனியில் ஒன்றுசேர்ந்து குட்டிக் கூண்டு விளக்காக நிற்கும். பொடி ஈக்கள் உள்ளே இறங்கினால் குழாயின் உட்சுவரில் கீழ்நோக்கிய மயிர்கள் அவற்றைச் சிறைபிடித்து வைக்கும். மயிர்கள் வாடிய பிறகு மகரந்தத்தோடு வெளியே விடும். பூவைப் பார்த்து ஏதோ பூச்சி என்று அண்ணி நசுக்கிவிட்டார், நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

போன தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு சேர்த்து ஆறு வீட்டுக்குச் சின்னச் சட்டி ஒவ்வொன்று கொடுத்தேன். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தேன்: "இலையை மடித்துப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்." ஐந்து இன்னும் இருக்கின்றன. ஆறாவது வீட்டில் தாள் நனைந்து எழுத்து அழிந்துவிட்டதாம்.